டிஸ்டெம்பர் கெடுத்த நரம்பு: அக்குபஞ்சர் ஊசி அங்கே என்ன செய்யும்?

டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் வந்த நாய் பிழைத்துவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில்தான் பல சமயம் அடுத்த கட்டம் ஆரம்பிக்கிறது. காய்ச்சலும் கண்பூளையும் அடங்கிச் சில வாரங்கள் கழித்துப் பின்னங்கால் தள்ளாடும். வாய் தானாக மெல்லும். ஒரு காலோ தலையோ விட்டுவிட்டு வெட்டி இழுக்கும். தூங்கும்போதும் அது நிற்காது.

இது வைரஸ் நோய் என்று 1905இல் காட்டியவர் பிரான்சின் ஆன்ரி கர்ரே. நமக்குத் தட்டம்மை தரும் வைரஸின் நெருங்கிய உறவு இது. முதலில் நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் புகுந்து பெருகும், பிறகு அவற்றோடு கூடவே மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்விடும். அங்கே நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை, மின்கம்பியின் மேலுறை உரிவதுபோலச் சிதைகிறது. செய்தி மெதுவாகப் போகிறது, அல்லது பாதியிலேயே நின்றுவிடுகிறது.

உறை போனாலும் உள்ளே இழை தப்பியிருந்தால் நடை ஓரளவு தேறலாம். உறை மெல்ல மறுபடி வளரவும் கூடும். வெட்டி இழுப்பது வேறு கதை. சில நரம்புச் செல்கள் மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் தாமாகவே துடிக்கத் தொடங்கிவிடுகின்றன. பெரும்பாலும் எந்த மருந்துக்கும் அது மசிவதில்லை. அக்குபஞ்சர் பலன் தருமா என்று கேட்பவர், இந்த இரண்டில் எதற்கு என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

ஊசி வைரஸைக் கொல்லாது. அது செய்வது நரம்பைத் தூண்டுவது. சீன மருத்துவம் 'சி' என்ற உயிர்ச் சக்தியின் ஓட்டத்தைச் சொல்லும். ஆய்வுக்கூடங்களில் தெரிவது வேறு. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் சூசான்லி என்றொரு புள்ளி உண்டு. பின்னங்கால் பலவீனத்துக்கு நாய்களிலும் அங்கே குத்துவார்கள். 2010இல் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் எலிகளில் அதே இடத்தில் ஊசி செருகித் திருகினார்கள். சுற்றியுள்ள திசுவில் அடினோசின் என்ற, உடலே உண்டாக்கும் வேதிப்பொருள் பெருகி வலி குறைந்தது. அடினோசினை உணரும் ஏற்பி இல்லாத எலிகளில் வலி குறையவில்லை. 2021இல் ஹார்வர்டின் சியூஃபு மா குழு எலிகளில் அதே புள்ளியில் மெல்லிய மின்சாரம் செலுத்தியது. காலின் ஆழத் திசுவில் உள்ள ஒருவகை நரம்புகள் மூளைத்தண்டு வழியாக, உள்ளுறுப்புகளுக்குப் போகும் வேகஸ் நரம்பை எழுப்பி, அட்ரினல் சுரப்பியைக் கொண்டு அழற்சியைத் தணித்தன. வயிற்றில் கொடுத்த அதே மின்சாரம் அந்தப் பாதையைத் தொடவில்லை. எங்கே குத்துகிறோம் என்பது முக்கியம்தான் போலிருக்கிறது!

ஆனால் ஹார்வர்டின் எலிகளுக்கு இருந்தது பாக்டீரியா நச்சு கிளப்பிய திடீர் அழற்சி. மாதக்கணக்கில் மூளையை அரிக்கும் டிஸ்டெம்பருக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

நாய்களில் ஓரளவு நல்ல சான்று இருப்பது முதுகெலும்பு வட்டு பிதுங்கிய நோய்க்கு. 2010இல் வெளியான பிரேசில் ஆய்வில், கடுமையாகப் பாதிக்கப்பட்டு மின் அக்குபஞ்சர் (ஊசி வழியே மெல்லிய மின்சாரம்) பெற்ற 19 நாய்களில் 15 தேறின. அறுவை சிகிச்சை மட்டும் பெற்ற 10இல் 4. குலுக்கல் முறையில் பிரிக்காத சிறு குழுக்கள் என்பதால் இந்த எண்களைச் சற்றுத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். டிஸ்டெம்பருக்கு இருப்பவையோ பெரும்பாலும் தனித்தனி நாய்களின் கதைகள். அவற்றில் எத்தனை தாமாகவே தேறியிருக்கும் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

நாய்க்கு ஏது நம்பிக்கை, அது தேறினால் சிகிச்சைதானே காரணம் என்று சிலர் வாதிடுவார்கள். நம்பிக்கை நமக்கு இருக்கிறதே! மூட்டுவலி நாய்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்த ஓர் அமெரிக்க ஆய்வில், பாதம் தரையை அழுத்தும் விசையைக் கருவி அளந்தது. அதில் மாற்றம் இல்லாதபோதும் வளர்ப்பவர்கள் மட்டுமல்ல, மருத்துவர்களும் முன்னேற்றம் கண்டதாகச் சொன்னார்கள்.

முயன்று பார்ப்பதில் தவறில்லை என்பதே என் எண்ணம். பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் குத்தினால் ஆபத்து குறைவு. வலிப்பு மருந்தையும் உடற்பயிற்சியையும் அதற்காக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வரும் நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஊசியில் மின்சாரம் இணைப்பதை அப்போது தவிர்ப்பார்கள். முதல் ஊசிக்கு முன்பே நாய் நடப்பதைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். சில வாரம் கழித்து அதே தரையில் மறுபடி எடுத்து, எது முந்தியது என்று சொல்லாமல் வேறொருவரிடம் காட்டுங்கள்.