சுற்றிச் சென்று செவ்வாயை அடைந்த கதை

மயில்சாமி அண்ணாதுரையின் பணிவாழ்வைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தவறாமல் எழும் கேள்வியை இம்முறை ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார்: சந்திரயானும் மங்கள்யானும் ஏன் நேராகப் புறப்படாமல், பூமியையே பல முறை சுற்றிவிட்டுப் போயின?

பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் 1958இல் பிறந்து, கோவையில் பொறியியல் படித்து, 1982இல் இஸ்ரோவில் சேர்ந்த அண்ணாதுரை, 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1இன் திட்ட இயக்குநராக இருந்தார். 2013இல் ஏவப்பட்ட மங்கள்யானில், திட்ட இயக்குநர் அருணனுக்கு மேலே ஒட்டுமொத்தப் பொறுப்பை வகித்தார். இரண்டு கலங்களையும் சுமந்து சென்றது பிஎஸ்எல்வி ராக்கெட்டே. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களை நிறுத்துவதற்காக உருவான ராக்கெட் அது. 1,337 கிலோ எடையுள்ள மங்கள்யானைச் செவ்வாய் வரை எறியும் வலு அதற்கு இல்லை. எனவே, பூமிக்கு மிக அருகில் 248 கிலோமீட்டரும் மிகத் தொலைவில் 23,550 கிலோமீட்டரும் உயரமுள்ள நீள்வட்டப் பாதையில் கலத்தை விட்டுவிட்டு, அது தன் பணியை முடித்துக்கொண்டது. மீதி வழியைக் கலத்தில் இருந்த 440 நியூட்டன் எஞ்சின்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 45 கிலோ மூட்டையைத் தாங்கிப் பிடிக்கும் விசைதான் அது.

இவ்வளவு சிறிய விசை எப்படிப் போதுமானதாயிற்று? எஞ்சினை எங்கே இயக்கினார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. நீள்வட்டப் பாதையில் கலம் பூமிக்கு மிக அருகே வரும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9.9 கிலோமீட்டர், மிகத் தொலைவில் 2.2 கிலோமீட்டர் மட்டுமே. விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் வேலை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். எஞ்சின் ஒரு நொடி எரிந்தால், அருகில் அதே விசை 9.9 கிலோமீட்டர் தூரத்துக்குத் தள்ளுகிறது, தொலைவில் 2.2 கிலோமீட்டருக்குத்தான் தள்ளுகிறது. செலவாகும் எரிபொருள் ஒன்றே, கலத்துக்குக் கிடைக்கும் ஆற்றலோ நான்கரை மடங்கு.

இந்தக் கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது? இதற்கான விடையை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. எரிபொருளிடம் வேதியாற்றல் மட்டும் இல்லை. கலத்தோடு சேர்ந்து விரைவதால் இயக்க ஆற்றலும் இருக்கிறது. நொடிக்கு 9.9 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு கிலோ எரிபொருள், நொடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் பீய்ச்சப்பட்ட பிறகும், பூமியிலிருந்து பார்த்தால் 7 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கியே செல்கிறது. அந்த வேகக் குறைவில் அது இழந்த ஆற்றல் ஏறத்தாழ 25 மெகாஜூல். வேதியாற்றல் பீய்ச்சலுக்குத் தந்ததோ நாலரை மெகாஜூல்தான். இழந்தது முழுவதும் கலத்தின் கணக்கில் வரவாகிறது. ராக்கெட் அறிவியல் முன்னோடி ஹெர்மன் ஓபர்த்தின் பெயரால் இதனை ஓபர்த் விளைவு என்கிறார்கள்.

எஞ்சின் சிறியது என்பதால் நெடுநேரம் எரித்தால் கலம் அந்த அண்மைப் புள்ளியைத் தாண்டி வேகம் குறைந்த இடத்துக்குப் போய்விடும். ஆகவே பல சுற்றுகளில், சிறிது சிறிது நேரமாக எரித்தார்கள். 2013 நவம்பர் 11 அன்று எரிபொருள் பாய்வு தடைப்பட்டதால், நொடிக்கு 130 மீட்டர் கூட வேண்டிய வேகம் 35 மீட்டரே கூடியது. மறுநாளே கூடுதலாக ஒருமுறை எரித்து ஈடுகட்டினார்கள். நேராகப் புறப்பட்டிருந்தால் அந்த வாய்ப்பு கிடைத்திருக்காது. டிசம்பர் 1 அன்று நொடிக்கு 648 மீட்டர் வேகம் சேர்ந்தபோது, பூமியின் ஈர்ப்பை விட்டு விலகிய பிறகும் கலத்திடம் நொடிக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் வேகம் மீந்திருந்தது.

மங்கள்யான் ஏவப்பட்ட 2013 நவம்பர் 5 ஒரு செவ்வாய்க்கிழமை. "செவ்வாயோ வெறுவாயோ" என்று நல்ல காரியத்தைத் தள்ளிப்போடும் வழக்கமும், செவ்வாய் தோஷம் என்று சொல்லிப் பெண்களின் திருமணத்தைத் தடுக்கும் கொடுமையும் நம்மிடையே இன்னும் இருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 450 கோடி ரூபாயில் முடித்த சிக்கனத்தைப் புகழ்கிறோம்; ஆனால் கலத்தின் எடையில் பாதிக்கு மேல் எரிபொருளாகவே போய்விட, ஆய்வுக் கருவிகளுக்குச் சுமார் 15 கிலோதான் கிடைத்தது. இத்தகைய திறமையாளர்களுக்குப் பெரிய ராக்கெட்டும் கூடுதல் நிதியும் முன்பே தந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

2014 செப்டம்பர் 24 அன்று அதே விளைவு மறுபக்கமாகப் பயன்பட்டது. செவ்வாயை மிக நெருங்கி, வேகம் உச்சத்தை எட்டும் இடத்தில், எஞ்சினை எதிர்த்திசையில் 23 நிமிடங்கள் இயக்கி வேகத்தைக் குறைத்தார்கள். ஈர்ப்பில் சிக்குவதற்குத் தேவையான அளவுக்கே எரிபொருளைச் செலவிட்டதால், கலம் செவ்வாயையும் 422 கிலோமீட்டருக்கும் 76,994 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட நெடிய நீள்வட்டத்திலேயே சுற்றத் தொடங்கியது.