கல்லூரி மெயில் ஐடி உங்கள் சொத்து இல்லை

போன வாரமும் ஒரு பெண் வந்து நின்றார். முதுகலை முடித்துவிட்டுப் போனவர். ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், வேலை செய்யும் பெண்களிடம், ஷிப்ட் விடுகிற நேரத்தில் வாசல் கேட் பக்கத்தில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டு, கூகுள் ஃபார்மில் தானே தட்டிச் சேர்த்த சர்வே. அத்தனையும் கல்லூரி ஐடியில் இருந்தது. இப்போது ஆராய்ச்சிப் படிப்புக்கு அது வேண்டும், ஆனால் கணக்கே இல்லை. "கூகுள்தானே சார், ஒரு மெயில் போட்டா எடுத்துக் குடுத்துடுவாங்க" என்கிறார்.

வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். மே, ஜூன் வந்தாலே இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சொந்த ஜிமெயில் உங்களுக்கும் கூகுளுக்கும் நடுவில் உள்ளது. கல்லூரி ஐடி அப்படியில்லை. அங்கே கூகுளின் வாடிக்கையாளர் கல்லூரிதான், நீங்கள் கல்லூரி கொடுத்த இடத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். நீங்கள் கூகுளுக்கு எழுதினால் "உங்கள் நிர்வாகியைக் கேளுங்கள்" என்று பதில் வரும். நிர்வாகி என்றால் நான். நான் கணக்கை அழித்துவிட்டால் 20 நாளுக்குள் மீட்கலாம், 21ஆம் நாள் என்னாலும் முடியாது. கல்லூரி முதல்வர் சிபாரிசு செய்தாலும் இதே பதில்தான்.

"கம்பெனியோட டை-அப் இருக்கே, லைஃப் டைம் ஃப்ரீதானே?" என்பது அடுத்தது. ஃப்ரீ என்பதும் ஒப்பந்தம் இருக்கும்வரை, அந்த விதிகள் மாறாதவரை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2006லேயே மாணவர் மின்னஞ்சலைக் கூகுளிடம் கொடுத்தது. பின்னாலேயே உலகம் முழுக்கக் கல்லூரிகள் போயின. 2014ல் கூகுள்காரர்கள் கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாச் சேமிப்பு இடம் என்றார்கள். 2021 பிப்ரவரியில் அது முடிகிறது என்று அறிவித்து, ஏற்கெனவே இருந்தவர்களுக்கு 2022 ஜூலையிலிருந்து மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்து 100 டெராபைட், அதாவது ஒரு லட்சம் ஜிபி, என்று நிறுத்திவிட்டார்கள். 10,000 பேர் உள்ள கல்லூரியில் தலைக்கு 10 ஜிபி. டிபார்ட்மெண்ட் டே வீடியோ நாலு போட்டால் காலி. புதுப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டுமென்றால் படித்து முடித்தவர்கள் கணக்கில்தான் கைவைப்போம். வேறு வழி?

இன்னொன்று. ஃபைலை நண்பருக்கு ஷேர் செய்திருக்கிறேன், அங்கே இருக்கும் என்பார்கள். இருக்காது. உங்கள் கணக்கு போனால் நீங்கள் உருவாக்கிய ஃபைலும் போகும், நூறு பேருக்கு ஷேர் செய்திருந்தாலும்.

கடைசி செமஸ்டர் ஃபீஸ் கட்டும்போதே ஆரம்பியுங்கள். கல்லூரி ஐடியில் நுழைந்து, நம் தரவுகளை வெளியே எடுக்கக் கூகுள் வைத்திருக்கும் டேக்அவுட் பக்கத்தில் டிரான்ஸ்ஃபர் என்பதை எடுத்தால் டிரைவும் மெயிலும் சொந்த ஜிமெயிலுக்கு நகலாகும். சில மணி நேரமோ ஒரு வாரமோ ஆகும், அதனால் கடைசி நாள் ராத்திரி வேண்டாம். அந்த வசதி வரவில்லையென்றால் நிர்வாகி அடைத்து வைத்திருப்பார், போய்க் கேளுங்கள். மற்றவர்கள் உங்களுக்கு ஷேர் செய்தது வராது, முதலில் அதை நகலெடுத்து உங்கள் டிரைவில் போட வேண்டும். போட்டோக்களைத் தனியாக இறக்குங்கள். ஃபார்ம் பதில்களை எக்ஸெல்லாக இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். சொந்தக் கணக்கில் இலவசம் 15 ஜிபிதான், குப்பையைக் கழித்துவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம் ஓடிபி. நௌக்ரி, லிங்க்ட்இன், பாஸ்போர்ட் விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் கல்லூரி ஐடியைக் கொடுத்துவிட்டு, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு பாஸ்வேர்டு மறந்துபோய், ஓடிபி அழிந்துபோன கல்லூரி ஐடிக்குப் போகிறதே என்று அழுகிறார்கள். தயவுசெய்து இன்றைக்கே மாற்றுங்கம்மா, பத்து நிமிஷ வேலை.

கல்லூரி மாறும் ஆசிரியர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான். கொஸ்டின் பேங்க் போச்சு என்று வருகிறவர்களில் பாதிப் பேர் நீங்கள்தான்.

என் சக நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: கணக்கை அழிக்கப்போகிறோம் என்ற அறிவிப்பை, யாரும் திறந்தே பார்க்காத அதே கல்லூரி மெயிலுக்கு மட்டும் அனுப்பிவிட்டு உட்காராதீர்கள். சொந்த நம்பருக்கு ஒரு எஸ்எம்எஸ், தமிழில், ஒரு மாதம் முன்னாடி.