புரூஃப் நாணயம்: மெய்ப்பு நாணயம்

பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளைச் சேர்ப்போர் ‘புரூஃப்’ என்று குறிப்பிடுவது காசின் தரத்தையன்று. அது அடிக்கப்பட்ட முறையை. கைமாறித் தேய்ந்திருந்தாலும் புரூஃப் காசு புரூஃப் காசுதான். நேற்று அடித்ததுபோல் மின்னினாலும், புழக்கத்துக்கென்று அடித்த காசு அப்பெயரைப் பெறாது.

சோதித்துப் பார்த்தலைக் குறிக்கும் ‘புரோபாரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. புதிதாக வெட்டிய அச்சில் எழுத்தும் உருவமும் செவ்வையாக விழுகின்றனவா என்று பார்க்க அடித்த மாதிரிக்கே முதலில் இது பெயராக இருந்தது. பின்னர், மெருகேற்றிய அச்சுகளுக்கு நடுவே மெருகேற்றிய செப்பு வில்லையை வைத்து, அன்பளிப்புக்கும் சேகரிப்போருக்கும் நிதானமாக அழுத்தி அடித்த காசுக்கு அப்பெயர் நிலைத்தது. பிலடெல்பியா நாணயசாலையில் தொடக்கத்தில் இவற்றை ‘மாஸ்டர் காயின்’ என்றே வழங்கினர்.

சொல் எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது என்பதற்கு அரை சென்ட் காசே சாட்சி. 1793 முதல் 1857 வரை வெளிவந்த இக்காசு, 1840 முதல் 1848 வரையிலான ஆண்டுகளைத் தாங்கிப் புழக்கத்துக்கு வரவே இல்லை. அவ்வாண்டுகளுக்குக் கிடைப்பவை அனைத்தும் புரூஃப் காசுகளே. சேகரிப்போர் அவற்றுக்கு அலைவதைக் கண்ட நாணயசாலையினர், பின்னாளில் பழைய ஆண்டைப் பொறித்தே மறுபடியும் அடித்தனர். பின்புற இலைவளையத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், முதலில் அடித்த காசில் இலைகளுக்கிடையே உள்ள சிறுகாய்கள் பருத்தும், மறுஅடிப்பில் சிறுத்தும் இருக்கும். எந்த அச்சையும் சோதிக்காமல், கேட்டவருக்குக் கொடுக்கவே அடித்த அந்த மறுஅடிப்பும் ‘சோதனை’ என்னும் பொருளுடைய பெயரோடுதான் உலவுகிறது!

தமிழில் இதைச் ‘சான்று நாணயம்’ என்று பெயர்த்தால், வழக்குமன்றத்தில் காட்டும் ஆதாரம் என்ற பொருள் முன்னே வந்து நிற்கும். ‘மெருகு நாணயம்’ என்பதோ தோற்றத்தை மட்டும் சொல்வதோடு, யாரோ தேய்த்துப் பளபளப்பாக்கிக் கெடுத்த செப்புக் காசையும் உள்ளே விட்டுவிடும். அச்சகத்தில் ‘புரூஃப் பார்ப்பது’ என்பதை நாம் நெடுநாளாக மெய்ப்புப் பார்ப்பது என்றே எழுதி வருகிறோம். தாளில் எழுத்து விழுவதைச் சரிபார்க்கும் அதே செயல்தான் செம்பிலும் நடந்தது என்பதால், ‘மெய்ப்பு நாணயம்’ என்பதே பொருந்தும். விவர அட்டையில் ‘1843, அரை சென்ட், மெய்ப்பு, மறுஅடிப்பு’ என்று எழுதினால் குழப்பமிராது.