கிட்டாரில் பாடுவது எந்தப் பலகை?

திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "மதுரைக்குக் கிட்டார் வாங்கப் போனேன். ஒரே கம்பெனி, ஒரே அளவு. பின்பலகை ரோஸ்வுட் என்றால் எட்டாயிரம் கூட என்கிறார்கள். மரத்தில் அவ்வளவு இருக்கிறதா சார்?"

இருக்கிறது தம்பி. ஆனால் அவர்கள் காசு கேட்கும் பின்பக்கத்தில் குறைவு, முன்பக்கத்தில்தான் அதிகம்.

அதிர்வு ஒலியாவது பள்ளியில் படித்ததுதான். கம்பி மெல்லியது, காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர, தள்ளாது. அதன் அதிர்வை, கம்பிகளைத் தாங்கி முன்பலகையில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டை வழியாக வாங்கி, மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத முன்பலகை துடிக்கும்போதுதான் அறை நிறையக் கேட்கிறது.

ஆறு எஃகுக் கம்பிகள் சேர்ந்து அந்தப் பலகையை 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அதைத் தாங்க விறைப்பு வேண்டும். கம்பியின் சின்னத் துடிப்புக்கும் அசைந்து கொடுக்க எடை குறைவாக இருக்க வேண்டும். விறைப்பான பொருள் பெரும்பாலும் கனமாகத்தான் இருக்கும். ஸ்ப்ரூஸ் என்னை அசத்துவது இந்த இடத்தில்தான்.

அது குளிர்நாட்டு ஊசியிலை மரம். கிட்டார் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் உடைந்த முன்பலகைத் துண்டு ஒன்று கைக்கு வந்தது. பென்சிலால் கோடு போட்டதுபோல நெருக்கமான ரேகைகள். ரேகை நீளவாக்கில் இருக்கும்படி பிடித்து வளைத்தேன், அசையவில்லை. திருப்பிப் பிடித்து வளைத்தேன். அப்பளம்போல ரேகையோடு முறிந்தது. உள்ளே இருப்பவை குழல்கள். ஒவ்வொன்றும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளம். அகலம் தலைமுடியைவிடக் குறைவு. வைக்கோல் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குழலின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் ஏறக்குறைய நீளவாக்கிலேயே படுத்திருக்கின்றன. அதனால் நீளத்தில் அவ்வளவு விறைப்பு. நடுவில் காலியாக இருப்பதால் எடையும் குறைவு. ஒரு கன மீட்டர் ஸ்ப்ரூஸ் சுமார் 400 கிலோ, எஃகு 7,800. ஆனால் ரேகை வழியே ஒலி ஓடும் வேகம் எஃகில் ஓடுவதற்குச் சமம், நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர்! மீனாட்சி அம்மன் கோயில் இசைத்தூண்களைத் தட்டக் கேட்டவர்களுக்குத் தெரியும்: நாதம் சுத்தமாக இருக்கும், ஆனால் பக்கத்தில் நின்றால்தான் நன்றாகக் கேட்கும். கல்லிலும் ஒலி வேகமாகத்தான் ஓடுகிறது; கனம் விடமாட்டேன் என்கிறது. ஒரு பலகை எவ்வளவு எளிதாக ஒலியை வெளியே தள்ளும் என்று ஒப்பிட, ஒலியின் வேகத்தை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். எஃகைவிட ஸ்ப்ரூஸ் ஏறக்குறைய 20 மடங்கு மேலே நிற்கும்.

பின்பலகைக்கு மஹாகனி, மேப்பிள், ரோஸ்வுட் போடுவார்கள். இந்திய ரோஸ்வுட் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். ஆனால் ஒலிக்கு முக்கியம் முன்பலகைதான் என்று காட்ட, 1862-இல் ஸ்பெயினின் கிட்டார் செய்பவர் அந்தோனியோ தே தோரஸ், பின்பக்கமும் பக்கவாட்டும் காகிதக்கூழால் ஆன கிட்டார் ஒன்றைச் செய்தார். நம் பாட்டிமார் வெந்தயம் சேர்த்து அரைத்துச் செய்த கூடை மாதிரி. முன்பலகை மட்டும் ஸ்ப்ரூஸ். 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், பின்மரம் மட்டும் வேறுபட்ட 6 கிட்டார்களை 52 பேர், மரம் கண்ணுக்குத் தெரியாதபடி வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். விலை உயர்ந்த மரத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கவில்லை. காதுக்குத் தெரியாத வித்தியாசத்துக்காக ஈட்டியை வெட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாவில்தான் வீணை பேசும் என்பார்கள். மரத்துக்குக் காது கிடையாது. அந்தக் குழல்களும் ஈரப்பதமும்தான் பேசும். நூறு ஆண்டுக்கு முன்பே சி.வி. ராமன் மிருதங்கத்தையும் வீணையையும் ஆராய்ந்தார். வீணைக்குப் பலா, நாகஸ்வரத்துக்கு ஆச்சா என்று கைப்பழக்கமாகத் தெரிந்துவைத்திருப்பதை அளந்து எழுதிவைக்க இன்னும் தாராளமாக நிதி வேண்டும்.

சரி, உங்கள் எட்டாயிரத்துக்கு வருகிறேன். அதை முன்பலகைக்குக் கொடுங்கள். கடையில் முன்பலகை நடுவில் இருக்கும் வட்ட ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். முகத்து ரேகை அப்படியே விளிம்பில் கீழிறங்கினால் முழுப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். அப்புறம், சித்திரை வெயிலில் உறைக்கு வெளியே வைத்துவிடாதீர்கள். மரம் காய்ந்து குறுக்கே சுருங்கும். என் கையில் முறிந்த துண்டுபோலவே ரேகையோடு வெடிக்கும்.