பழைய செங்கற் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள்

நுவரெலியா தபால் நிலையத்தை அறியாத மலையகத்தவர் அரிது. 1894இல் டியூடர் பாணியில், இரண்டு மாடிகளும் மணிக்கூட்டுக் கோபுரமுமாக எழுந்த அந்தச் சிவப்புச் செங்கற் கட்டடம், ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் பனிமூட்டத்தையும் இரு பருவமழைகளையும் தாங்கி நிற்கிறது. 2023இல் அதைச் சுற்றுலா விடுதியாக்கும் திட்டம் வெளியானபோது தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த அக்கறையில் சிறு பங்கையாவது பழைய கட்டடங்களின் பழுதுபார்ப்பு வேலைகளிலும் காட்டுமாறு கேட்கவே இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் வேறொரு சிறு நகரில், அதே காலத்தைச் சேர்ந்த பழைய அலுவலகம் ஒன்றைப் பார்வையிட அழைத்திருந்தார்கள். செங்கற்களின் இடைவெளிகளை இரண்டு ஆண்டுகளுக்கு முன் சீமெந்தால் அடைத்திருக்கிறார்கள். கைவைத்த இடத்தில் ஒரு கல்லின் முகப்பு பணியாரம் போல் பெயர்ந்து என் உள்ளங்கையில் சிவப்புத் தூளாக உதிர்ந்தது. அதைச் சுற்றியிருந்த சீமெந்துக் கோடு மட்டும் கூர் மழுங்காமல் நின்றது. இந்த ஆண்டில் நான் பார்க்கும் நான்காவது சுவர் இது.

"சீமெந்து பலமானதுதானே?" என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். பலமானதுதான், கெடுதலே அந்தப் பலத்தால்தான் வருகிறது. அக்காலச் செங்கல் மென்மையானது. அதைவிட மென்மையான சுண்ணாம்புச் சாந்தின் வழியாகவே சுவரின் ஈரம் வெளியேறும். அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் கல்லின் ஊடாகவே வெளியேற வேண்டியிருக்கிறது. அப்போது அது கொண்டுவரும் உப்பு, கல்லின் முகப்புக்குப் பின்னால் படிகமாகித் தோலை உரித்துத் தள்ளுகிறது. சாந்து தேய்ந்தால் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் 1890களின் செங்கல்லுக்கு மாற்று எங்கே கிடைக்கும்? தண்ணீர் புகாத வண்ணப்பூச்சு அடிப்பதும் இதே தவறுதான்.

சுவரில் ஈரம் தெரிந்தால் முதலில் பீலியையும் கூரையோட்டையும் பாருங்கள், ஏனெனில் பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். பழைய சாந்தைக் கையுளியால் மட்டும் அகற்றுங்கள். வெட்டும் இயந்திரம் கல்லின் விளிம்பைச் சிதைத்துவிடும். புதிய சுண்ணாம்புச் சாந்தை மழையற்ற மாதங்களில் இட்டு, ஈரச் சாக்கால் மூடி, மெல்ல இறுக விடுங்கள். மேசன்மாரை அவசரப்படுத்த வேண்டாம். ஒப்பந்தப் பத்திரத்தில் "சீமெந்து" என்ற சொல்லைக் கண்டால், கையொப்பமிடுவதற்கு முன் மரபுக் கட்டடங்களில் அனுபவமுள்ள ஒருவரைத் தயவுசெய்து ஒருமுறை அழைத்துச் சுவரைக் காட்டுங்கள்.