தலைக்குத் தேசிப்புளி வைத்துவிட்டு வெயிலில் நிற்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். முரசுமோட்டைப் பக்கமிருந்து வந்த பிள்ளை, கலியாணத்துக்கு இன்னும் 12 நாள். பிடரியிலிருந்து தோள் வரைக்கும் ஏதோ வழிந்து காய்ந்த மாதிரி மண்ணிறக் கோடுகள். தாய் நாவூறு என்கிறா. நான் கேட்டது ஒன்றுதான்: "தலைக்கு என்ன வைத்தனீங்கள்?"

முட்டை, தயிர், இரண்டு தேசிக்காயின் புளி. வைத்த தலையோடு, வீதியில் காயப்போட்ட நெல்லைக் கிளறிக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறா.

தேசிப்புளியும் வெயிலும் தோலில் சேர்ந்தால் சுடும். அன்றைக்கே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவக்கும். பிறகு கறுத்து, மாற வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் எடுக்கும். கொப்புளம் இருந்தால் என்னிடம் வராதீர்கள், வைத்தியரிடம் போங்கள். நான் அழகுக்கலை செய்பவள்.

எனக்கு எரிச்சல் தருவது, முட்டை வைத்தால் "முடிக்குச் சத்து" என்ற கதைதான். தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. நகம் மாதிரி. நகத்துக்கு முட்டை ஊட்டுவீர்களா? முட்டையின் புரதம் முடிக்குள்ளே போக முடியாத அளவுக்குப் பெரியது. மேலே படியும், கழுவினால் போகும். சத்து வேண்டுமென்றால் அந்த முட்டையை அவித்துச் சாப்பிடுங்கள், வேருக்கு இரத்தத்தின் வழியாகப் போய்ச் சேரும். கண்டிஷனர் செய்வது வேறு வேலை: முடியின் மேற்பரப்பை வழவழப்பாக்கிச் சிக்கெடுக்க விடுவது. அவ்வளவுதான்.

அதற்கு வீட்டுச் சாமான் போதும், ஆனால் எல்லாத் தலைக்கும் ஒன்றல்ல. சுருள் முடி, வறண்ட முடி என்றால் தேங்காயின் முதற்பால். நுனிப் பாதிக்கு மட்டும், 20 நிமிடம். முழுகுவதற்கு முதல் தேங்காய் எண்ணெய் வைப்பதும் நல்லது, முடிக்குள்ளே உண்மையாகவே ஊறுகிற எண்ணெய் அது. மெல்லிய முடிக்கு இரண்டும் பாரம். செவ்வரத்தை இலையைக் கசக்கிய வழுவழுப்பு அல்லது கற்றாழை போதும். கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவிவிடுங்கள், அதுதான் கடிக்கும். எண்ணெய்த் தலைக்கு ஊறவைத்து அரைத்த வெந்தயம். கச்சான் (நிலக்கடலை) ஒத்துவராதவர்களுக்கு வெந்தயமும் ஒத்துவராமல் போகலாம், கவனம். சொடுகு உள்ளவர்கள் எண்ணெயை ஊறவிட்டுப் படுக்கவே வேண்டாம், சொடுகுக் கிருமிக்கு அது விருந்து.

அப்புறம் தண்ணீர். வன்னியில் பல கிணறுகளில் கடினநீர், கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளை முடியிலும் படியும். பிறகு ஷாம்பூவுக்குத் திட்டு. கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் எடுத்து வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி. அப்பச்சோடா? தயவுசெய்து வேண்டாம், முடி சணல் மாதிரி ஆகிவிடும்.

எதையும் முதலில் முழங்கை மடிப்பில் பூசி ஒரு நாள் பாருங்கள். அன்றன்றைக்குச் செய்யுங்கள். மூன்று நாள் போத்தலில் வைத்துப் புளித்ததைத் தலையில் கொட்டாதீர்கள் அம்மா.

முட்டை வைத்தே தீருவேன் என்றால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். போன கிழமை ஒருத்தி சுடுதண்ணீரில் முழுகிவிட்டு வந்தா. அவிந்த முட்டையைச் சீப்பால் எடுக்க எனக்கு முக்கால் மணித்தியாலம் போனது. காசு வாங்கவில்லை. அடுத்த முறை வாங்குவேன்.