போட்டோ எடிட்டிங் கோர்ஸுக்குக் கட்டிய பணம்: ‘ரீஃபண்ட் கிடையாது’ என்றால் என்ன செய்வது?

99 ரூபாய் வெபினாரில் உட்கார்ந்தவர், அது முடிவதற்குள் 30,000 ரூபாய் போட்டோ எடிட்டிங் கோர்ஸில் சேர்ந்துவிடுகிறார். நேரலை வகுப்பு என்றார்கள். வருவதோ எப்போதோ பதிவு செய்த வீடியோக்கள். சந்தேகம் கேட்க வாட்ஸ்அப் குழு உண்டு, அதில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும். பணத்தைத் திருப்பிக் கேட்டால் ‘நான்-ரீஃபண்டபிள்’ (பணம் திரும்பாது) என்று ஒற்றை வரிப் பதில். ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவர்கள், கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர்கள், வீட்டிலிருந்தே ஏதாவது சம்பாதிக்கலாம் என்று நினைக்கிற பெண்கள் எனப் பலர் இதில் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, சொன்ன சேவை சொன்ன மாதிரி கிடைக்காவிட்டால் அது சேவைக் குறைபாடு. குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை. ‘நான்-ரீஃபண்டபிள்’ என்று அவர்களாகவே போட்டுக்கொண்ட வரி இந்தச் சட்டத்தை அழித்துவிடாது. ஆனால் ஒன்று: ‘சேர்ந்தேன், பிடிக்கவில்லை’ என்பது காரணம் ஆகாது. என்ன சொல்லி விற்றார்கள், என்ன கொடுத்தார்கள், இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைக் காட்ட வேண்டும். வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது.

உங்களைத் தகுதியில்லாதவர் ஆக்கும் வழிகள்

நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுக்கும் ஆயுதம், ‘கல்வி என்பது சேவை இல்லை, நுகர்வோர் ஆணையத்துக்கு இதில் வேலையில்லை’ என்பது. பாதி உண்மையைத்தான் சொல்கிறார். பல்கலைக்கழகம், கல்லூரி விஷயத்தில் அப்படித் தீர்ப்புகள் இருக்கின்றன. ஆனால் சேலம் விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் தொடர்பான மனு சோலங்கி வழக்கில், 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பெரிய அமர்வு ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: கோச்சிங் சென்டர்கள் கல்வி நிறுவனங்கள் இல்லை, அவற்றின் மீதான புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம். கல்லூரிகளைக் காப்பாற்றிய அதே தீர்ப்பில்தான் இந்த வரியும் இருக்கிறது. இதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். அவர்கள் எடுத்து வரும்வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்த பொறி ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு. ‘வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை’ என்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவர் நுகர்வோர்தான் என்று அதே பிரிவு 2(7)-இல் விளக்கமும் உண்டு. ‘நான் தனியாக, என் குடும்பப் பிழைப்புக்காகச் செய்யும் தொழிலுக்காகக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன்’ என்ற ஒரு வாக்கியம் புகாரில் இல்லாததால் அடி வாங்கியவர்கள் உண்டு. கடை பெயரில் ஜிஎஸ்டி எண் கொடுத்து பில் வாங்காதீர்கள். வரி மிச்சம் பிடிக்கப் போய், நீங்களே உங்களை வணிக நிறுவனமாக எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

2024 நவம்பரில் கோச்சிங் விளம்பரங்களுக்கு என்றே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. செய்தியில் படித்தவர்கள் அதையே பிடித்துத் தொங்குகிறார்கள். அதில் நடனம், நாடகம், ‘பிற படைப்புச் செயல்பாடுகள்’ விலக்கப்பட்டிருக்கின்றன. போட்டோ எடிட்டிங்கை அந்த மூட்டைக்குள் தள்ள எதிர்தரப்புக்கு வழி இருக்கிறது. அதனால் 2022-இல் வந்த பொதுவான தவறான விளம்பரத் தடுப்பு நெறிமுறைகளையும், 2023 நவம்பர் 30-இல் வந்த டார்க் பேட்டர்ன் (ஆன்லைனில் ஏமாற்றி வாங்க வைக்கும் உத்திகள்) நெறிமுறைகளையும் காட்டுவது பாதுகாப்பு. ‘இன்னும் 3 சீட்தான், 10 நிமிடத்தில் விலை ஏறும்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது அந்த டார்க் பேட்டர்ன் பட்டியலில் பெயரோடு இருக்கிறது.

‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்ற முத்திரையையும் பாருங்கள். பல இடங்களில் அதற்கு ஆதாரமாகக் காட்டுவது உத்யம் பதிவு. அது யாரும் ஆன்லைனில் இலவசமாக, சுய உறுதிமொழியில் எடுக்கக்கூடிய சிறுதொழில் பதிவு; கோர்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஐஎஸ்ஓ சான்றிதழும் அரசு அங்கீகாரம் ஆகாது. அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் பக்கத்துச் சாட்சி அது.

கடன் என்று சொல்லாமல் ஈஎம்ஐ

அதிகம் பேர் அழுவது இங்கேதான். ‘வட்டியில்லாத் தவணை, மாதம் 2,500 கட்டினால் போதும்’ என்று சொல்லி ஆதார், பான், ஒரு செல்ஃபி, இரண்டு ஓடிபி வாங்குகிறார்கள். கோர்ஸ் கம்பெனியோடு தவணை பேசியதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நடந்தது வேறு: ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் கொடுத்து, பணத்தைக் கோர்ஸ் கம்பெனிக்கு அனுப்பிவிட்டது. வகுப்பு நடக்கவில்லை என்று தவணையை நிறுத்தினால் அடிபடுவது உங்கள் சிபில் மதிப்பெண், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண். கோர்ஸ் கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது.

டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். அதில் ஆண்டு வட்டி விகிதமும் மொத்தச் செலவும் இருக்கும். ‘கூலிங் ஆஃப்’ காலமும் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாள்களுக்கான வட்டியையும் கட்டி, அபராதமின்றி வெளியேறலாம். நிறுவனம் முன்பே தெரிவித்திருந்தால், நியாயமான அளவில் ஒரு முறைக் கட்டணம் மட்டும் பிடித்துக்கொள்ளலாம். இந்தக் காலம் மிகக் குறுகியது, ஒரே நாளாகக்கூட இருக்கலாம். கோர்ஸ் கம்பெனியின் ‘7 நாள் ரீஃபண்ட்’ வேறு, கடனின் கூலிங் ஆஃப் வேறு. முன்னதை நம்பி உட்கார்ந்து பின்னதைத் தவறவிடாதீர்கள்.

காலம் தாண்டிவிட்டதா? நிதி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். போன் பேச்சு எதற்கும் உதவாது. 30 நாளில் பதில் இல்லை அல்லது மழுப்பல் என்றால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் அதன் சிஎம்எஸ் என்ற ஆன்லைன் புகார் தளத்தில் புகார் செய்யலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுதாமல் நேரே அங்கே போனால் தள்ளுபடிதான். நுகர்வோர் வழக்கு போடும்போது நிதி நிறுவனத்தையும் இரண்டாவது எதிர்தரப்பாகச் சேர்க்க மறக்க வேண்டாம். முடிந்தால், தீர்ப்பு வரும்வரை தவணையைக் கட்டிக்கொண்டே இருங்கள். அநியாயம்தான், ஆனால் சிபில் கெட்டால் நாளை கேமரா வாங்கக்கூடக் கடன் கிடைக்காது.

எங்கே போவது, எங்கே அலைய வைப்பார்கள்

முதல் படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். சில பெரிய நிறுவனங்கள் இங்கிருந்து தகவல் போனாலே பணத்தைக் கொடுத்துவிடுகின்றன. ஆனால் இது நீதிமன்றம் இல்லை, யாருக்கும் உத்தரவு போட முடியாது. கம்பெனி ‘எங்கள் விதிப்படி பணம் திரும்பாது’ என்று எழுதி அனுப்பினால், பதில் வந்துவிட்டது என்று புகாரை மூடிவிடுவார்கள். குறுஞ்செய்தியில் ‘முடிக்கப்பட்டது’ என்று வந்ததும் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வழக்கு போட 2 ஆண்டு காலவரம்பு உண்டு. 1915-இல் புகார் கொடுத்து வைத்திருப்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது.

காவல் நிலையத்துக்குப் போனால் ‘இது சிவில் மேட்டர்’ என்பார்கள். வகுப்பு மோசம் என்ற அளவில் அது சரிதான். ஆனால் பணம் வாங்கிய கையோடு பக்கம், நம்பர் எல்லாம் காணாமல் போயிருந்தால் அது மோசடி. உடனே 1930-க்கு, அதாவது சைபர் மோசடி உதவி எண்ணுக்கு, அழையுங்கள். அங்கே மணிக்கணக்கு முக்கியம்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. ‘கம்பெனி பெங்களூரில் இருக்கிறது, அங்கே போய்ப் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால், அதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 34-ஐக் காட்டுங்கள். நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை செய்கிற மாவட்டத்திலேயே போடலாம். திண்டுக்கல்காரர் திண்டுக்கல்லில் போட்டால் போதும். 2025 ஜனவரியிலிருந்து நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி தளம் வழியாக ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், காணொளி விசாரணையும் கேட்கலாம். ஆன்லைனில் போட்டவரையும் ‘நேரில் காகிதம் கொண்டு வாங்க’ என்று கூப்பிடுவது நடக்கிறது. எதற்கும் மூன்று செட் ஜெராக்ஸ் தயாராக இருக்கட்டும்.

வழக்கு பெரும்பாலும் இழுபடுவது ஒரு சின்ன விஷயத்தில்: எதிர்தரப்பின் முகவரி. இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. பணம் கட்டிய அன்றே உங்கள் சொந்தப் பெயரில் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள், அதில் கம்பெனியின் பதிவு முகவரி இருக்கும். தனிநபரின் ஜிபே எண்ணுக்குக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்து வைத்தால் மட்டும் போதாது. மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழையும் (போனில் இருப்பதன் நகல்தான் இது என்று உறுதி சொல்லும் தாள்) இணைத்துவிடுங்கள். அது இல்லை என்று ஒரு வாய்தா வீணாக வேண்டாம். எதிர்தரப்பு நோட்டீஸ் வாங்கிய 30 நாளில் பதில் போட வேண்டும், மேலே 15 நாள்தான் தரலாம். 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வரியை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சேரும் முன் செய்ய ஒன்று இருக்கிறது. கிம்ப் என்பது போட்டோ எடிட்டிங்குக்கான இலவச மென்பொருள். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் அதற்கான பாடங்களும் இலவசம். லேயர், மாஸ்க், கர்வ்ஸ் என்ற அடிப்படைக் கருவிகள் மூன்றும் கைக்கு வந்த பிறகும் ஆசை இருந்தால் பணம் கட்டுங்கள். மென்பொருளின் கிராக் காப்பியை, அதாவது திருட்டுக் காப்பியை, கூகுள் டிரைவில் அனுப்பும் கோர்ஸ் என்றால் அந்த இடத்திலேயே கழன்றுகொள்ளுங்கள். தெரிந்தே அதைப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 63பி-யின்படி குற்றம், அதில் மாட்டுவது கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நீங்கள்.

நோட்டீஸ் போனதும் கம்பெனியிலிருந்து இனிமையான குரலில் போன் வரும். ‘பாதிப் பணம் தருகிறோம், முதலில் புகாரை வாபஸ் வாங்குங்க’ என்பார்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறட்டும், கடன் இருந்தால் ‘பாக்கி இல்லை’ சான்றிதழும் கைக்கு வரட்டும். அப்புறம் ஆணையத்தின் முன்னால் எழுத்தில் பதிவு செய்து முடித்துக்கொள்ளுங்கள். போனில் சம்மதம் சொல்லாதீர்கள்.